கழுவித் தந்த மீன்

1

நேற்றுச் சனிக்கிழமை எங்கள் ஆற்றில் தூண்டில் மடக்கும் நாள். ஜெர்மன்காரர் இதற்கு ‘அப்ஆங்கெல்ன்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எங்கள் ஊரில் வலையைக் கரையில் ஏற்றிப் போட்டால் போட்டதுதான், அதற்கு ஒருவரும் விழா எடுத்ததில்லை. இங்கே எதற்கும் ஒரு தொடக்கம் வேண்டும், ஒரு முடிவு வேண்டும், இரண்டுக்கும் பியர் வேண்டும். ஐப்பசிக் கடைசியில் மீன்பிடிச் சங்கத்துக்காரர் எல்லோரும் விடியவே வேசர் ஆற்றங்கரைக்கு வந்துவிடுவார்கள். மத்தியானம்வரை தூண்டில் போட்டு, பிறகு பட்டாணிச் சூப்பைக் குடித்துக் கலைவார்கள். அன்றைக்கு ஆகப் பெரிய மீன் பிடித்தவர் ‘மீன் ராசா’. ராசாவுக்கு ஒரு வெள்ளிச் சங்கிலி உண்டு. அடுத்த வருடம்வரை அது அவர் வீட்டில் இருக்கும்.

போன வருடம் அந்த ராசா நான்தான். அதனால் வந்த வினையைத்தான் எழுதப் போகிறேன். ஊரிலிருந்து வாசிக்கிறவர்கள், “ஐரோப்பாவுக்குப் போய் இருபத்தைஞ்சு வருசமாச்சு, இன்னும் மீன் கதைதானோ” என்று சிரிக்கலாம். தாராளமாகச் சிரியுங்கள். ஆர் எந்தப் பக்கம் நின்று சிரிக்கிறீர்கள் என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

2

என் பெயர் அந்தோனி. யாழ்ப்பாணத்துக் கடற்கரை ஒன்றில் பிறந்தவன். அப்பா, பெரியப்பா, அண்ணன் எல்லோரும் கடல்தொழில். நான் எண்பதுகளில் கிழக்கு பெர்லின் வழியாக வந்து இங்கே விழுந்தேன். பள்ளிக்கூடப் படிப்புப் பாதியில் நின்றது. மிச்சத்தைச் சனத்தின் வாயிலிருந்து படித்தேன். அதனால்தான் என் எழுத்தில் பழமொழி கூட வரும், புத்தகம் குறைய வரும்.

அகதி விசாரணைக்கு என்னைக் கூப்பிட்ட நாளில் மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு வெள்ளைக்கார அதிகாரி இருந்தார், இந்தப் பக்கம் ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளர். அதிகாரி என் பெயரைக் கேட்டார். மொழிபெயர்ப்பாளர் அதைச் சொல்லிவிட்டு, அதிகாரி கேட்காத ஒரு கேள்வியைத் தன் கணக்கில் கேட்டார்.

“தம்பி, ஊரிலை எந்தக் கோயிலடி?”

தெரியாதவர்களுக்கு இது பக்தி போலத் தோன்றும். எங்களுக்குத் தெரியும். கோயிலைச் சொன்னால் ஒழுங்கை தெரியும், ஒழுங்கை தெரிந்தால் சாதி தெரியும். வேதக்காரரான எங்களுக்குள்ளும் அதுதான் நிலைமை. ஒரே மாதாதான், ஆனால் கடற்கரைக்காரருக்கு ஒரு கோயில், காணி பூமி உள்ளவர்களுக்கு இன்னொரு கோயில். நான் கோயிலைச் சொன்னேன். அவர் “ம்” என்றார். அதோடு எனக்கு ‘நீங்கள்’ போய் ‘நீ’ வந்தது. அந்த அதிகாரி மட்டும் கடைசிவரை ஜெர்மன் மரியாதையில் ‘ஸீ’ என்றுதான் கூப்பிட்டார். என் கோரிக்கையை முதல் தடவை நிராகரித்தவரும் அவர்தான், ஆனால் மரியாதையாக நிராகரித்தார்.

அகதிகள் தங்கும் காம்பில் எனக்குக் கிடைத்தது இரட்டைக் கட்டிலின் மேல்தட்டு. கீழ்த்தட்டில் பேணாட். காணி பூமி உள்ள பகுதிப் பெடியன், நல்ல வாய்க்காரன். அவனும் முதல் நாளே அந்தக் கோயில் கேள்வியைக் கேட்டான். நான் சொன்னதும் அண்ணாந்து பார்த்துச் சிரித்தான்.

“பாரடாப்பா, நீ மேலை படுத்திருக்கிறாய், நான் கீழை கிடக்கிறன். இனி ஆர் மேல்சாதி?”

அந்த ஒரு பகிடிக்காக நான் அவனுக்கு உயிரையும் கொடுத்திருப்பேன்.

காம்பில் தந்த சாப்பாடு தொண்டைக்குள் இறங்கவில்லை. பின்பக்கம் ஒரு வாய்க்கால் ஓடியது. தையல் நூலும் வளைத்த ஊசியுமாக நான் கரையில் குந்துவேன், பேணாட் காவல் நிற்பான். கைநீளத்துக்கும் குறைந்த வரி மீன்கள் வரும். மின்சார அடுப்பில் உப்புத் தூளோடு பொரித்துத் தின்போம். ஒரு நாள் பொலிஸ் பிடித்தது. இங்கே அனுமதி இல்லாமல் ஆற்றில் மீன் பிடிப்பது களவு. பேணாட்தான் குறுக்கே பாய்ந்து, தெரிந்த நாலு ஜெர்மன் சொல்லையும் கொட்டி என்னைக் காட்டிக் கத்தினான்.

“எர் ஃபிஷர்! ஃபாட்டர் ஃபிஷர்! குட் ஃபிஷர்!”

இவன் மீனவன், இவன் தகப்பன் மீனவன், நல்ல மீனவன். பொலிஸ்காரருக்கே சிரிப்பு வந்துவிட்டது. எச்சரித்து விட்டுவிட்டார்கள். பேணாட் அந்தச் சொல்லை எவ்வளவு பெருமையாகச் சொன்னான் என்பதை நீங்கள் மறக்க வேண்டாம். பிறகு தேவைப்படும்.

3

விசா கிடைத்து, குசினி அலுமாரி செய்கிற ஒரு தொழிற்சாலையில் வேலையும் கிடைத்த பிறகு, முறைப்படி தூண்டில் போடலாமா என்று விசாரித்தேன். போடலாம். ஆனால் முதலில் வகுப்பு, பிறகு பரீட்சை, பிறகு ஒரு கந்தோரில் டெர்மின் என்று நாள் குறித்து, அங்கே ஒரு அட்டை, அதன் பிறகு சங்கத்தில் அன்ராக் என்கிற விண்ணப்பம். கடலில் பிறந்தவனுக்கு மீன் பிடிக்கப் பரீட்சை!

வகுப்பு எடுத்தவர் சங்கத் தலைவர் ஹோர்ஸ்ட். தபால் கந்தோரில் வேலை பார்த்த பெரிய மீசைக்காரர். மீனின் தலையில் அடித்து மயங்க வைத்து, பிறகு நெஞ்சில் குத்த வேண்டும், துடிக்க விடக்கூடாது, அது சட்டம் என்று கரும்பலகையில் படம் கீறிக் காட்டினார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏன் சிரிக்கிறாய் என்று கேட்டார். “எங்கள் பாசையில் ஒரு சொல் இருக்கு, மீன் குஞ்சுக்கு நீந்தப் பழக்கக் கூடாது” என்றேன். மனிதர் மேசையில் தட்டிச் சிரித்தார். அன்றையிலிருந்து என்னைக் காணும்போதெல்லாம் “மீன் குஞ்சே” என்றுதான் கூப்பிடுவார். ஆனால் பரீட்சையில் படத்தைப் பார்த்து மீனின் பெயர் சொல்லச் சொன்னார்கள். எல்லாம் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் போல வெள்ளி நிறத்தில் கிடந்தன. மீன் குஞ்சு முதல் தடவை பெயில். இரண்டாம் தடவைதான் பாஸ். பேணாட் இதைக் கலியாண வீடு, செத்த வீடு எல்லா இடத்திலும் சொல்லிச் சிரித்தான். நானும் சேர்ந்துதான் சிரித்தேன்.

எங்கள் ஆற்றில் நான் தேடிப் போவது சாண்டர். ஊர்க்காரருக்கு விளங்கும்படி சொன்னால், எங்கள் கொடுவாய்க்கு ஒன்றுவிட்ட தம்பி. நீண்ட உடம்பு, முதுகில் முள்ளுச் செட்டை, கண் மட்டும் பூனைக் கண் போல மினுங்கும். கோடையில் அது உங்களை மதிக்காது. இலை கொட்டி, தண்ணீர் குளிர்ந்து, கரையில் நிற்கிறவனுக்கு மூக்கு ஒழுகத் தொடங்கும்போதுதான் ஆற்றின் ஆழத்துக்கு இறங்கிக் கல்லணைகளுக்குப் பின்னால் கூட்டமாக நிற்கும். றப்பர் மீனைக் கொளுவி எறிந்து, அடியில் தட்டித் தட்டி இழுக்க வேண்டும். அது கடிக்கும்போது இழுவை ஒன்றும் இருக்காது. ஆரோ கதவில் ஒரு விரலால் தட்டியது போல இருக்கும், அவ்வளவுதான். அந்தத் தட்டுக்காகத்தான் நான் இந்த நாட்டுக் குளிரை மன்னித்தேன்.

சின்ன மீனை அளந்து பார்த்துத் திரும்ப விட வேண்டும். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பது எங்களுக்குப் பழமொழி, இவர்களுக்குச் சட்டம். அளவான மீனைப் பிடித்தால், விளையாட்டுக்குப் பிடித்தேன் என்று திரும்ப விடக் கூடாது. கொன்றால் தின்ன வேண்டும். இந்தச் சட்டம் எனக்குப் பிடிக்கும். ஒன்றை எடுத்தால் முழுவதாக எடு என்கிறது.

இந்த வருடமும் ஊரில் கடல் பூட்டித்தான் கிடக்கிறது. அண்ணன் தொலைபேசியில் சொல்கிறார்: “பாஸ் தந்தால்தான் இறங்கலாம். அவங்கள் சொல்லுற தூரம், அவங்கள் சொல்லுற நேரம். உனக்கென்ன, ஆத்தங்கரையிலை நிண்டு ஆசைக்குப் பிடிக்கிறாய்.”

எனக்கும் ஒரு வருடமாகப் பாஸ் இல்லை என்று அவருக்கு எப்படிச் சொல்வது?

4

மீன் எப்போதும் தனியே தின்கிற சாமான் இல்லை. நான் பிடிப்பேன், என் மனைவி மெற்றில்டா வெட்டுவாள். அவளும் கடற்கரைப் பிள்ளை. கண்ணைக் கட்டிவிட்டாலும் முள் வேறு தசை வேறாக்கிவிடுவாள். ஐப்பசி பிறந்தால் எங்கள் ஊர்த் தமிழ் வீடுகளிலிருந்து பைகள் வரும். “அண்ணை, எங்களுக்கும் ஒண்டு”, “அக்கா, கழுவித் தாங்கோ, உந்தச் செதில் எங்களுக்கு ஏலாது.” முதலில் வரும் பை எப்போதும் பேணாட் வீட்டுப் பைதான். அவன் மனைவி திரேசா சாண்டரில் வைக்கிற சொதிக்கு இணை இல்லை. பேணாட்டும் நானும் ஒரே ஊரில் வேலை எடுத்து, ஒரே தேவாலயத்துத் தமிழ்ப் பூசைக்குப் போய், பிள்ளைகளையும் ஒன்றாகத்தான் வளர்த்தோம். என் மகன் டெனிஸும் அவன் மகள் நிலானியும் மணல் விளையாடி, பள்ளிக்கூடம் போய், அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சி முடித்து, ஒரு நாள் கையைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார்கள்.

பேணாட் என்னைக் கட்டிப் பிடித்து அழுதான். “மச்சான், கட்டிலிலை தொடங்கினது கலியாணத்திலை முடியுதடா” என்றான்.

போன வருட அப்ஆங்கெல்ன் அதற்கு அடுத்த கிழமை. அன்றைக்கு எனக்கு வந்த சாண்டர் என் வாழ்நாளில் வராத சாண்டர். ஹோர்ஸ்ட் தன் மீசையோடு சேர்த்து அதற்கு முத்தம் கொடுத்தார். “மீன் குஞ்சு ராசாவானது” என்று சங்கமே கத்தியது. இந்த நாட்டில் என்னை ஒருவர் கொண்டாடினார் என்றால் அது அன்றைக்குத்தான். சங்கிலியைத் தை மாதச் சங்கக் கூட்டத்தில் போடுவார்கள்.

அந்த மீனை நான் அப்படியே பேணாட் வீட்டுக்குக் கொடுத்தேன். காரணம் இருந்தது. திரேசாவின் மூத்த தமையன், கனடாக்காரர், கலியாணம் பேச வந்திருந்தார். பேணாட் அவரை அத்தான் என்பான், பயத்தோடு என்பான். அவனுடைய தங்கைமாரைக் கரைசேர்த்தவர் அவர். மெற்றில்டா மீனைக் கழுவி, துண்டு போட்டு, மஞ்சள் பூசி அனுப்பினாள். இரவு எங்களையும் சாப்பிடக் கூப்பிட்டார்கள்.

கனடாக்காரர் இரண்டாம் தரமும் சொதி விட்டுக்கொண்டு கேட்டார்: “நல்ல மீன். எங்கடை பக்கத்து ஏரியளிலை இதின்ரை சொந்தம் ஒண்டு இருக்கு, வோல்ஐ எண்டு சொல்லுவாங்கள். ஆனா இவ்வளவு ருசியில்லை. எங்கை வாங்கினது?”

நான் வாயைத் திறக்கப் போனேன். பேணாட் முந்திக்கொண்டான்.

“இஞ்சை ஒரு துருக்கிக்காரன்ரை கடை இருக்கு, அத்தான். கழுவியே தருவான்.”

மெற்றில்டா தன் கோப்பையைப் பார்த்தாள். திரேசா எழுந்து குசினிக்குள் போனாள். நான் பகிடியாக்கும் என்று நினைத்துப் பேணாட்டைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்க்கவில்லை. கழுவுகிற மீனில் நழுவுகிற மீன் என்பார்கள். அன்றைக்குத்தான் அதை மேசையில் நேரே கண்டேன்.

5

கனடாக்காரர் போன மறுநாள் பேணாட் வந்தான். சப்பாத்தைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றான்.

“மச்சான், நான் ஒண்டு சொல்லுவன், கோவிக்கக் கூடாது.”

“கோவிக்கிற விசயமெண்டால் இருந்து சொல்லு.”

இருந்தான். “அத்தானுக்கு உங்கடை ஊர் தெரியாது. யாழ்ப்பாணம் டவுண் எண்டு சொல்லி வைச்சிருக்கிறன். அந்தாள் பழைய ஆள். தெரிஞ்சால் கலியாணத்துக்கு வராது. அது வராட்டில் லண்டன் ஆக்களும் வராயினம். திரேசா படுத்திடுவாள்.”

“சரி.”

“கலியாணம் முடியும் மட்டும் நீ தூண்டிலைத் தொடாதை. சங்கம் கிங்கம் எண்டு போகாதை. உங்கை பேப்பரிலை படம் கிடம் போட்டுடுவாங்கள். ஒரு வெள்ளைக்காரன் ஆத்திலை நிண்டால் பொழுதுபோக்கு. நீ நிண்டால்…”

“நான் நிண்டால்?”

“உனக்கு விளங்கும்தானே.”

“உனக்கென்னெண்டு இருக்கு, பேணாட்?”

“எனக்கு ஒண்டுமில்லை மச்சான், மாதாவாணை. சனத்துக்குத்தான்.”

இந்தச் சனம் என்பவர் ஆர் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. எங்கள் எல்லோரையும் ஆட்டி வைக்கிறவர் அவர். ஆனால் ஒரு வீட்டுக்குப் போய்க் கேட்டால் அடுத்த வீட்டைக் காட்டுவார்கள். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பது சரி. அந்த வாய் ஆருடைய முகத்தில் இருக்கிறது என்றாவது தெரிய வேண்டாமா?

பின்னேரம் டெனிஸும் அதையே சொன்னான். ஜெர்மன் பாதி, தமிழ் பாதி.

“அப்பா, மாமா சொல்லுறதைச் செய்யுங்கோவன். அது ஒரு ஹொபி தானே.”

“ஏன் வேண்டாமெண்டு சொல்லுறார், உனக்கு விளங்குதோ?”

“அவருக்கு மீன் மணம் பிடிக்காதாக்கும்.”

இருபத்திரண்டு வயதுப் பிள்ளை. முள் இல்லாத சாண்டர்த் துண்டு மாதிரி வளர்த்து வைத்திருக்கிறேன். அவனுக்கு விளங்கப்படுத்த ஜெர்மனில் சொல் இல்லை. தமிழில் சொல் இருக்கிறது, அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவனுக்குத் தெரியாமல் இருப்பதுதான் நான் இந்த நாட்டுக்கு வந்து சம்பாதித்த ஒரே சொத்தோ என்றும் அந்த நேரம் நினைத்தேன். அதே நேரம், தகப்பனிடம் எதைக் கேட்கிறோம் என்றே தெரியாமல் ஒரு பிள்ளை கேட்கிறதே என்று நெஞ்சு எரிந்தது.

மெற்றில்டாவிடம் கேட்டேன். பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்னாள்: “பிள்ளையின்ரை சந்தோசம் பெரிசோ, மீன் பெரிசோ? விடுங்கோ.” கொஞ்சம் பொறுத்து, திரும்பாமலே, “துருக்கிக்காரன் நல்லாக் கழுவித்தான் குடுத்திருக்கிறான்” என்றாள்.

விட்டேன். தூண்டில்களை நிலவறையில் சைக்கிளுக்குப் பின்னால் வைத்தேன். தை மாதக் கூட்டத்துக்குப் போகவில்லை. ஹோர்ஸ்ட் தொலைபேசி எடுத்தார், தடிமன், காய்ச்சல் என்றேன். மாசியில் எடுத்தார், முதுகு நோ என்றேன். கலியாணத்துக்கு மட்டும் அவரையும் இன்னும் இரண்டு சங்கத்துக்காரரையும் கூப்பிட்டேன். கூப்பிட வேண்டாம் என்று பேணாட் சொல்லவில்லை. வெள்ளைக்காரர் மூன்று பேர் முன்வரிசையில் இருந்தால் வீடியோவுக்கு அழகு என்று அவனும் நினைத்தான்.

6

வைகாசியில் கலியாணம். தேவாலயத்தில் பூசை முடிந்து, மண்டபத்தில் விருந்து. கனடா வந்தது, லண்டன் வந்தது. வாழ்த்துரை நடந்துகொண்டிருந்தபோது ஹோர்ஸ்ட் மேடைக்கு ஏறினார். கறுப்புக் கோட்டு, கையில் ஒரு வெல்வெட் பெட்டி.

அவர் ஜெர்மனில் பேசியதை அப்படியே தருகிறேன்: “எங்கள் சங்கத்தில் ஒரு ராசா தன் சங்கிலியை வாங்க வராமல் விட்டது இதுதான் முதல் தடவை. முதுகு நோ என்றார். ராசா வராவிட்டால் சங்கிலி ராசாவிடம் வரும். மணமகனே, உன் தகப்பன் இந்த ஆற்றிலேயே சிறந்த மீன்பிடிகாரன். மீனவனின் மகன் மீனவன் என்று அவரே எனக்குச் சொல்லியிருக்கிறார். நீ பெருமைப்படு.”

சொல்லிவிட்டு அந்தச் சங்கிலியை என் கழுத்தில் போட்டார். பழைய ராசாக்கள் ஒவ்வொருவரும் சேர்த்த வெள்ளி மீன்கள் அதில் வரிசையாகத் தொங்குகின்றன. சரியான பாரம். ஜெர்மன் தெரிந்த பிள்ளைகள் கைதட்டினார்கள். கனடாவும் லண்டனும், என்ன நடக்கிறது என்று தெரியாமல், பேணாட்டைப் பார்த்தார்கள்.

பேணாட் ஒலிவாங்கியை வாங்கினான். முகத்தில் ஒரு துளி வியர்வை இல்லை.

“இவையள் ஆத்தைத் துப்புரவாக்கிற சங்கம். சம்மந்தி அதிலை பெரிய ஆள். ஆறு, குளம், இயற்கை எல்லாத்தையும் பாதுகாக்கிறதுக்காக வெள்ளைக்காரர் அவருக்கு மாலை போட்டுக் கௌரவிக்கினம்.”

மண்டபம் அதிரக் கைதட்டல். அவன் முழுப் பொய்யும் சொல்லவில்லை. பங்குனி மாதத்தில் நாங்கள் ஆற்றங்கரையில் குப்பை பொறுக்குவது உண்மைதான்.

கனடாக்காரர் கிட்ட வந்து சங்கிலியைக் கையில் ஏந்திப் பார்த்தார்.

“இதென்ன, எல்லாம் மீனாக் கிடக்கு?”

“அது வேத அடையாளம், அத்தான். ஆதித் திருச்சபையிலை சிலுவைக்கு முந்தி மீன்தானே அடையாளம்.”

“ஓமோம்” என்று கனடாக்காரர் தலையாட்டினார். “ஆண்டவரின்ரை முதல் சீடர் இராயப்பரே மீன் பிடிச்சவர்தானே.” சொல்லிவிட்டு அந்த வெள்ளி மீனைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

இராயப்பருக்குப் பெண் கேட்டுப் போயிருந்தால் அல்லவோ தெரிந்திருக்கும்.

என் மகனின் கலியாண நாள். அகதி விசாரணையில் மொழிபெயர்ப்பாளருக்கு முன்னால் இருந்தது போலவே இருந்தேன். கழுத்தில் சங்கிலி, வாயில் பூட்டு. ஹோர்ஸ்ட் தமிழ் விளங்காமல் எல்லோரையும் பார்த்து மகிழ்ந்து சிரித்தார். டெனிஸ், மாமா பகிடி விடுகிறார் என்று நினைத்து விழுந்து விழுந்து சிரித்தான். இரண்டு பாசையும் விளங்கியும் சிரிக்காமல் நின்றது மணப்பெண் நிலானி மட்டும்தான். தகப்பனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு தலையைக் குனிந்து சேலைக் கரையைச் சரி செய்தாள். என்ன விளங்கியது என்று அவள் இன்றுவரை சொல்லவில்லை.

7

கலியாணம் முடிந்தது, நான் கொடுத்த சொல்லும் முடிந்தது என்று நினைத்தேன். புரட்டாதியில் தூண்டிலைத் துடைத்து எண்ணெய் போட்டுக்கொண்டிருக்கும்போது பேணாட் வந்தான். நிலானிக்கு நாலு மாதம். நல்ல செய்திதான். அதோடு இன்னொன்றும் இருந்தது.

“பிள்ளைக்கு அத்தான்தான் ஞானத் தகப்பன், மச்சான். ஞானஸ்நானத்துக்கு வருவார். அதுமட்டும் உதைப் பொறுத்துக்கொள்ளன்.”

“அது முடிய?”

“முடிய என்ன, பிறகு நீ விரும்பினபடி.”

“பிறகு முதல் நன்மை வரும். அதுக்குப் பிறகு பேரனுக்குப் பெண் பாக்கிற காலம் வரும். நான் பெட்டிக்குள்ளை படுக்கேக்கையும் கையை மணந்து பாப்பியளோ?”

“ஏன்ரா இப்பிடிக் கதைக்கிறாய்? நான் உனக்கு எதிரியே?”

எதிரியாக இருந்தால் எவ்வளவு சுகம். எதிரியை விலத்தி நடக்கலாம். இவன் என் கீழ்த்தட்டில் படுத்தவன், பொலிசுக்கு முன்னால் எனக்காகப் பாய்ந்தவன். நான் ஓம் என்றும் சொல்லவில்லை, ஏலாது என்றும் சொல்லவில்லை. “பாப்பம்” என்றேன். யாழ்ப்பாணத்தான் ‘பாப்பம்’ என்றால் அதன் கருத்து அவனுக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு, முந்தநாள் வெள்ளிக்கிழமை, திரேசாவிடமிருந்து ஒரு பை வந்தது. பழைய பைதான். கூடவே தொலைபேசி.

“அண்ணை, பிள்ளை நிலானி இஞ்சை வந்து நிக்குது, ஒண்டும் சாப்பிடுதில்லை. சாண்டர்ச் சொதிதான் வேணுமாம். கடையிலை வாங்கினது மணக்குதாம். எங்கையாவது ஒண்டு எடுக்கேலுமெண்டால்… கழுவித் தாங்கோ, அண்ணை. பின்பக்கத்தாலை கொண்டு வந்தால் நல்லது. உங்களுக்குத் தெரியும்தானே, இந்தக் கட்டிடம் முழுக்கத் தமிழாக்கள்.”

மீன் வேண்டும், மீன் பிடிக்கிறவன் வேண்டாம். இவ்வளவு துப்புரவாக இதை அதற்கு முன் ஒருவரும் எனக்குச் சொன்னதில்லை. வயிற்றுப் பிள்ளைக்காரி கேட்டதை இல்லை என்று சொல்லவும் மனம் வரவில்லை. அவள் என் மருமகள், என் பேரனோ பேத்தியோ கேட்கிறது.

நேற்று விடிய ஆற்றுக்குப் போனேன். சங்கிலியைத் திருப்பிக் கொடுத்தேன். ஹோர்ஸ்ட் முதுகைத் தடவி, “சுகமா?” என்று கேட்டார். “இப்போது சுகம்” என்றேன். பனி மூடிக் கிடந்தது. வெகு நேரம் ஒன்றும் இல்லை. கையில் உணர்ச்சி போன பிறகுதான் அந்த ஒற்றை விரல் கதவைத் தட்டியது. ஒரு வருடம் தட்டாமல் இருந்த விரல். ராசா ஆகிற அளவு மீன் இல்லை, ஒரு குடும்பத்துக்குப் போதும். சட்டப்படி தலையில் அடித்து, நெஞ்சில் குத்தினேன். துடிக்க விடவில்லை.

மெற்றில்டா கத்தியும் பலகையும் எடுத்து வைத்துக்கொண்டு நின்றாள். “இண்டைக்கு வேண்டாம்” என்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கத்தியை உள்ளே வைத்தாள்.

சாண்டரை அப்படியே, தலை, வால், செட்டை, செதில் எல்லாவற்றோடும் திரேசாவின் பைக்குள் போட்டேன். வால் பைக்கு வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. மத்தியானம், நல்ல வெளிச்சத்தில், முன்வாசலால் போனேன். படியில் இரண்டு தமிழ் ஆட்கள் கண்டார்கள். “என்ன அந்தோனி அண்ணை, நல்ல சாமானாக்கிடக்கு” என்றார்கள். “நானே பிடிச்சது” என்றேன். மூன்றாம் மாடியில் பேணாட் கதவைத் திறந்தான். பையைப் பார்த்தான், படிக்கட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

“கழுவேல்லையோ?”

“துருக்கிக்காரன்ரை கடை இண்டைக்குப் பூட்டு” என்று சொல்லிவிட்டு இறங்கி வந்தேன்.

வீட்டுக்கு வந்து சேர முதலே தொலைபேசி அடித்தது.

“மச்சான், திரேசாவுக்கு ஏலாதாம். உந்தச் செதில் என்னெண்டடாப்பா எடுக்கிறது? சிமெந்து மாதிரி ஒட்டிக்கொண்டு நிக்குது. முள்ளு வேறை குத்திப்போட்டுது.”

“வாலிலை இருந்து தலைப்பக்கம் கத்தியைப் பிடி. குசினிக்குள்ளை செய்யாதை, சுவரெல்லாம் பறக்கும். பல்கனியிலை வைச்சுச் செய்.”

“பல்கனியிலையோ? சனம் பாக்குமெல்லே?”

“அப்ப சனத்தை வந்து எடுத்துத் தரச் சொல்லு.”

அவன் தொலைபேசியை வைத்துவிட்டான். மகளுக்காகச் செய்திருப்பான், அது எனக்குத் தெரியும். பிள்ளைக்காக நான் தூண்டிலைக் கீழே வைத்தேன், பிள்ளைக்காக அவன் கத்தியைக் கையில் எடுத்தான்.

இன்றைக்கு மாதப் பூசை. நிலானி வந்திருந்தாள், முகம் தெளிந்திருந்தது. “மாமா, நேற்று இரண்டு தரம் சாப்பிட்டனான். கழுவினது அப்பா” என்றாள், சத்தமாக. பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் குரலைத் தாழ்த்தவில்லை.

பேணாட் எனக்கு முன்வரிசையில் நின்றான். ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லுங்கள் என்று சுவாமி சொன்னதும் எல்லோருக்கும் கை கொடுத்தான். கடைசியாகத் திரும்பி எனக்கும் நீட்டினான். விரலில் பிளாஸ்டர் ஒட்டியிருந்தது. கோட்டுக் கைக்கு வெளியே, மணிக்கட்டுக்குக் கீழே, காய்ந்த செதில் ஒன்று. அது ஈரத்தில் தெரியாது, காய்ந்தால்தான் மினுங்கும். கழுவக் கழுவப் போகாது. எனக்கு அது பிறந்த நாள் தொட்டுத் தெரியும்.

“சமாதானம்” என்றான்.

“சமாதானம்” என்றேன்.

அவன் அதைக் காணவில்லை. நானும் சொல்லவில்லை.